எண்ணெய் எடுக்கும் மண்ணில் ஏன் அமைதி இல்லை? நைஜர் டெல்டாவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

நைஜீரியாவின் தெற்கே, பயெல்சா மாநிலத்தின் சதுப்பு நிலங்களுக்கு நடுவே, ஒலோய்பிரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1956இல் ஷெல்-பிபி நிறுவனம் அந்த ஊரின் பக்கத்தில் ஏறத்தாழ 12,000 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, வணிக அளவில் எடுக்கத்தக்க எண்ணெய் நைஜீரியாவில் உண்டு என்பதை முதன்முதலாகக் கண்டது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1958இல், அந்நாட்டின் கச்சா எண்ணெய் கப்பலேறியது. அந்தக் கிணறு கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. துருப்பிடித்த இரும்புக் குழாய்த் தலைப்பும், ‘கிணறு எண் 1’ என்று எழுதிய ஒரு பலகையும் அங்கே எஞ்சியிருக்கின்றன. ஒரு நாட்டின் கருவூலத்தையே நிரப்பிய தொழில் பிறந்த இடம் அது என்று சொன்னால், பார்ப்பவர் நம்புவது கடினம்.

குழாய்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன, வெளிநாட்டுப் பணியாளர்கள் கடத்தப்பட்டனர், ராணுவம் ஓர் ஊரைக் கொளுத்தியது என்று இந்தப் பகுதியிலிருந்து அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிப்பவர்கள் பொதுவாக வறுமை, இனப்பகை, பேராசை ஆகிய மூன்றில் ஒன்றைக் காரணமாகச் சொல்வதுண்டு. மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் வறுமை நைஜீரியாவின் வடக்கில் இதைவிடக் கடுமையானது. இனங்கள் எண்ணெய்க்கு முன்பும் அருகருகே வாழ்ந்தவை. பேராசைக்கோ ஊர் வேறுபாடு கிடையாது. எண்ணெய்ப் பகுதியின் கொந்தளிப்பைப் புரிந்துகொள்ள வேறு மூன்று கேள்விகள் கூடுதலாகப் பயன்படும் என்று தோன்றுகிறது. நிலத்துக்கு அடியில் இருப்பது யாருடையது? எடுக்கும்போது நிலத்தின் மேல் கொட்டுவது யார் தலையில் விழுகிறது? முறையிட்டவர்களுக்கும் ஆயுதம் எடுத்தவர்களுக்கும் அரசு எப்படியெல்லாம் பதில் சொன்னது? இவற்றில் மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது. நைஜர் ஆறு கினி வளைகுடாவை நெருங்கும்போது நுன், ஃபோர்காடோஸ் என்ற இரு பெரும் கிளைகளாகவும், பின்னர் எண்ணற்ற கால்வாய்களாகவும் உப்பங்கழிகளாகவும் பிரிந்து கடலில் கலக்கிறது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இங்கேதான் இருக்கிறது. பல ஊர்களுக்குச் சாலை கிடையாது, படகுதான் பேருந்து. இஜா, ஒகோனி, இட்செகிரி, உரோபோ, இபிபியோ என்று பல இனத்தவர் வாழும் இப்பகுதியில் மீன், நத்தை, நண்டு, மரவள்ளி, பனையெண்ணெய் ஆகியவையே வாழ்வாதாரம். ஆட்சிக் கணக்கில் நைஜர் டெல்டா என்றால் ஒன்பது மாநிலங்கள். சண்டை நடந்த களம் என்றால் பெரும்பாலும் பயெல்சா, ரிவர்ஸ், டெல்டா ஆகிய மூன்று. எண்ணெய்த் தொழிலின் தலைநகர்களாக போர்ட் ஹார்கோர்ட்டும் வாரியும் விளங்குகின்றன.

எண்ணெயால் வந்த சண்டை இங்கே புதிதன்று என்பதை ஓர் உபரிச் செய்தியாகச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் சோப்புக்கும் எந்திரங்களுக்கும் தேடிய பனையெண்ணெய் இந்த ஆறுகளின் வழியாகத்தான் போயிற்று. பிரித்தானியர் இப்பகுதிக்கு வைத்த பெயரே ‘எண்ணெய் ஆறுகள்’ என்பதுதான். வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த ஒபோபோ அரசர் ஜாஜா 1887இல் நாடு கடத்தப்பட்டார். ராயல் நைஜர் கம்பெனியின் ஏகபோகத்தால் பிழைப்பை இழந்த பிராஸ் நகரத்தார் 1895இல் அகாசாவில் இருந்த கம்பெனியின் தளத்தைத் தாக்கினார்கள். பதிலுக்குக் கடற்படை வந்து அவர்கள் ஊரைக் கொளுத்தியது. ஊரார் அடித்தால் படை வந்து ஊரை எரிக்கும் என்ற வழக்கம், பாறை எண்ணெய் வருவதற்கு ஆறு பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இனி முதல் கேள்வி. அமெரிக்காவின் பல பகுதிகளில் ஒருவர் தம் நிலத்துக்கு அடியிலுள்ள எண்ணெய்க்கும் தாமே உரிமையாளராக இருக்க முடியும். நிறுவனம் அவருக்கு உரிமைத்தொகை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளில் அப்படியில்லை. நைஜீரியாவில் 1969இல் ராணுவ அரசு பிறப்பித்த பெட்ரோலியச் சட்டம், நாட்டின் நிலத்தடியிலும் கடலடியிலும் உள்ள எண்ணெய் முழுவதும் அரசுக்கே உரியது என்றது. 1978இல் வந்த நிலப் பயன்பாட்டுச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்தின் நிலமும் அதன் ஆளுநரின் பொறுப்பில் இருக்கும் என்றது. குலத்துக்கும் ஊருக்கும் பொதுவாக வழிவழியாக இருந்த நிலத்தை எண்ணெய்த் தொழிலுக்காக எடுத்துக்கொண்டால், அதன்மேல் நின்ற பயிருக்கும் மரத்துக்கும் கட்டடத்துக்கும் இழப்பீடு கிடைக்கும். நிலத்தின் மதிப்புக்கோ அடியிலிருக்கும் எண்ணெயின் மதிப்புக்கோ கிடைக்காது. தன் தாத்தா மீன்பிடித்த ஓடையில் குழாய் பதிக்கும்போது ஓர் ஊரார் சட்டத்தின் பார்வையில் வெறும் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுகிறார்.

உரிமை அரசிடம் இருப்பதால் மட்டும் சண்டை வந்துவிடாது. வருமானத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் அடுத்த முடிச்சு. ஒரு வளம் எந்த மண்ணில் கிடைக்கிறதோ அந்த மண்ணுக்கு அதன் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் முறையைப் பிறப்பிடப் பங்கு என்று அழைக்கலாம். 1960இல் விடுதலை பெற்றபோது நைஜீரிய அரசியலமைப்பு இந்தப் பங்கை 50 விழுக்காடாக வைத்திருந்தது. அப்போது நாட்டின் முக்கிய ஏற்றுமதிகள் வடக்கின் நிலக்கடலை, மேற்கின் கொக்கோ, கிழக்கின் பனைப்பொருள்கள். ஹவுசா-ஃபுலானி, யொரூபா, இக்போ என்னும் மூன்று பெரும் இனங்களின் கையில் அந்தந்த வட்டாரங்கள் இருந்தன. விளைந்த இடத்துக்கே பாதி என்ற விதி அவர்கள் எல்லாருக்கும் ஏற்றதாக இருந்தது. கொக்கோவின் இடத்தை எண்ணெய் பிடித்ததும், பிறப்பிடம் சிறுபான்மை இனங்கள் வாழும் டெல்டாவுக்கு மாறிற்று; பங்கும் உருகத் தொடங்கிற்று. 1970இல் 45, 1975இல் 20, 1980களில் 1.5 விழுக்காடு. 1992இல் அது 3 ஆயிற்று. குடியாட்சி திரும்பிய 1999இன் அரசியலமைப்பு, 13 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று வரையறுத்தது.

நாட்டு ஒற்றுமை, வறிய வட்டாரங்களுக்கு உதவி என்று இந்தச் சரிவுக்கு எத்தனையோ நியாயங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் சில பொருளுள்ளவையே. 1967 முதல் 1970 வரை நடந்த பையாஃப்ரா போரில், எண்ணெய் இருந்த கிழக்கு வட்டாரம் தனி நாடாகப் பிரிய முயன்றது. போருக்குப் பின் மைய அரசு எண்ணெய்ப் பணத்தை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஆயினும் நிலக்கடலைக்கு ஒரு நீதி, எண்ணெய்க்கு ஒரு நீதி என்ற டெல்டா மக்களின் குற்றச்சாட்டுக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை. ‘வளக் கட்டுப்பாடு எங்களுக்கே’ என்ற அவர்களின் முழக்கத்தின் வேர் இதுதான்.

13 விழுக்காடு வந்த பிறகாவது நிலைமை மாறியதா என்றால், பணம் வந்தது, ஊருக்குப் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பங்கு மாநில அரசின் கைக்குத்தான் செல்கிறது. பயெல்சா ஆளுநராக இருந்த டியெப்ரேயே அலமியெசெய்கா 2005இல் லண்டனில் பணமோசடி வழக்கில் கைதாகி, பிணையில் இருந்தபோது தப்பி ஊர் திரும்பினார். பதவியிலிருந்து நீக்கப்பட்டு, 2007இல் நைஜீரிய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2013இல் அவருக்குப் பொதுமன்னிப்பும் கிடைத்தது. டெல்டா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் இபோரிக்கு 2012இல் லண்டன் நீதிமன்றம் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தலைநகர் அபுஜாவில் இருப்பவர்கள்மீது இருந்த கோபம் உள்ளூர்த் தலைவர்கள்மீதும் திரும்பியதற்கு இத்தகைய வழக்குகளே போதுமானவை.

இரண்டாவது கேள்வி, எடுப்பதால் நேரும் கேடு. கச்சா எண்ணெய் மண்ணுக்கு அடியிலிருந்து வரும்போது எரிவாயுவும் கூடவே வரும். அதைச் சேகரித்துக் கொண்டுபோகக் குழாயும் ஆலையும் வேண்டும்; செலவு பிடிக்கும்; எனவே அப்படியே கொளுத்திவிடுகிறார்கள். 1984 ஜனவரி 1 முதல் அனுமதியின்றி இப்படி எரிக்கக் கூடாது என்று 1979இலேயே சட்டம் போட்டாயிற்று. தீ இன்னும் முழுதாக அணையவில்லை. இரவே வராத ஊர்கள் என்று சில கிராமங்களைச் சொல்வார்கள். டெல்டா மாநிலத்தில் சில இடங்களில் பெண்கள் அந்தச் சூட்டருகே போய் மரவள்ளி மாவை உலர்த்துவார்கள். வந்த தீயையும் அடுப்பாக்கிக்கொள்ளும் மனித இயல்பு அது. புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை என்பதும் சேர்ந்ததுதான்.

கசிவு இன்னும் பெரிய கேடு. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் ஒகோனிப் பகுதியில் 200க்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை தந்தது. ஒகாலே என்ற இடத்தில் மக்கள் குடிக்கும் கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட 900 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 1970இல் எண்ணெய் கொட்டிய ஓர் இடம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நஞ்சாகவே கிடந்தது. முழுமையாகச் சீரமைக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும், முதல் ஐந்தாண்டுப் பணிக்கு 100 கோடி டாலர் தேவை என்றும் அறிக்கை கூறியது. துப்புரவுப் பணியைத் தொடங்கிவைக்கும் விழா நடந்தது 2016இல். இங்கே ஒரு செய்தியை மனத்தில் வைக்க வேண்டும்: ஷெல் நிறுவனம் ஒகோனிப் பகுதியில் எண்ணெய் எடுப்பதை 1993இலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் வேறு வயல்களின் எண்ணெயைச் சுமக்கும் குழாய்கள் அந்த மண்ணின் வழியே தொடர்ந்து ஓடின.

கசிவுக்குக் காரணம் யார் என்பதில்தான் எல்லா வழக்குகளும் சிக்குகின்றன. பழைய குழாய் அரித்துக் கசிந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். யாரோ அறுத்ததால் கசிந்தால் பொதுவாகத் தர வேண்டியதில்லை. எது அரிப்பு, எது அறுப்பு என்பதை நிறுவனம், அரசு அலுவலர், ஊரார் ஆகியோர் சேர்ந்து நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. படகும் கருவியும் நிபுணரும் நிறுவனத்திடமே இருக்கையில், இந்தக் கூட்டாய்வில் யார் சொல் எடுபடும் என்று விளக்கத் தேவையில்லை. 2008இல் போடோ என்ற ஊரின் உப்பங்கழிகளில் இருமுறை எண்ணெய் பெருக்கெடுத்தது. கொட்டிய அளவைத் தாங்கள் முதலில் குறைத்தே மதிப்பிட்டிருந்ததை ஷெல் பின்னர் வழக்கின்போது ஒப்புக்கொண்டது. லண்டனில் நடந்த அந்த வழக்கு 2015இல் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசமாயிற்று; 15,600 பேருக்கு அதில் பங்கு கிடைத்தது. நைஜீரிய ஊரார் இழப்பீட்டுக்காக லண்டனுக்கும் ஹேக்குக்கும் போக வேண்டியிருந்தது என்பதே அவர்களது உள்நாட்டு நீதிமன்றங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். பாறை எண்ணெய் வந்த பிறகு டெல்டாவில் முதலில் துப்பாக்கி எடுத்தவர் ஐசக் அடாகா போரோ என்ற இஜா இளைஞர். 1966 பிப்ரவரியில் ஏறத்தாழ 150 பேரைத் திரட்டித் தனிக் குடியரசு அறிவித்தார். பன்னிரண்டு நாளில் அடக்கப்பட்டார். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்பு மன்னிக்கப்பட்டு, பையாஃப்ரா போரில் மைய அரசின் பக்கம் நின்று போரிட்டு 1968இல் இறந்தார். அதன் பிறகு நீண்ட காலம் டெல்டாவின் எதிர்ப்பு மனுவாகவும் ஊர்வலமாகவுமே இருந்தது. 1990இல் உமுவேசெம் என்ற ஊரில் இளைஞர்கள் எண்ணெய் நிலையத்தின் முன் போராட்டம் நடத்தினார்கள். நிறுவனம் காவல் படை கேட்டது. வந்த படை ஏறத்தாழ 80 பேரைக் கொன்று, 495 வீடுகளை அழித்தது. விசாரணைக் குழு, ஊராரால் அச்சுறுத்தல் இருந்ததாகச் சான்றில்லை என்றது.

அதே ஆண்டில் ஒகோனி மக்கள் தங்கள் உரிமைப் பட்டயத்தை வெளியிட்டார்கள். எழுத்தாளரும் தொலைக்காட்சித் தயாரிப்பாளருமான கென் சாரோ-விவா, மோசோப் என்ற இயக்கத்தின் முகமானார். ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் கொண்ட ஒரு சிற்றினத்தில், 1993 ஜனவரி 4 அன்று சுமார் 3 லட்சம் பேர் கையில் பசுங்கிளையோடு அமைதியாக நடந்தார்கள் என்றால், வீட்டில் இருந்தவர்கள் குழந்தைகளும் முதியவர்களுமாகத்தான் இருந்திருக்க முடியும். இயக்கத்துக்குள் பிளவும் இருந்தது. 1994 மே மாதத்தில் அரசுக்கு நெருக்கமானவர்கள் என்று கருதப்பட்ட நான்கு ஒகோனித் தலைவர்கள் ஒரு கும்பலால் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைக்குத் தூண்டினார் என்று சாரோ-விவா மீது சானி அபாச்சாவின் ராணுவ அரசு வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டுக்கு வழியில்லாத சிறப்புத் தீர்ப்பாயம் தண்டனை விதித்தது. 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் சாரோ-விவாவும் எட்டுப் பேரும் தூக்கிலிடப்பட்டனர். காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. எண்ணெய்க் கப்பல்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. தங்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லிவந்த ஷெல், குடும்பத்தார் தொடுத்த வழக்கை 2009இல், பொறுப்பை ஏற்காமலேயே, 1.55 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

மனு கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பதிலை அடுத்த தலைமுறை பார்த்துக்கொண்டிருந்தது. 1998 டிசம்பரில் இஜா இளைஞர்கள் போரோவின் ஊரான கையாமாவில் கூடி, தங்கள் நிலத்திலும் நீரிலும் உள்ள வளம் தங்களுடையது என்று பிரகடனம் செய்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் வெளியேறக் கெடு வைத்தார்கள். 1999 நவம்பரில் ஒடி என்ற ஊரின் அருகே ஒரு கும்பல் 12 காவலரைக் கொன்றதும், திரும்பிய குடியாட்சியின் முதல் அதிபரான ஒபசாஞ்சோ அனுப்பிய ராணுவம் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது. வங்கி, தேவாலயம், சுகாதார நிலையம் ஆகியவை தப்பின என்பர். ராணுவ ஆட்சி போனால் நிலைமை மாறும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

இதற்கு நடுவே ஆயுதமில்லாத ஒரு போராட்டம் வெற்றியும் பெற்றது. 2002 ஜூலையில் எஸ்க்ராவோஸ் எண்ணெய் ஏற்றுமதி முனையத்துக்குள் நுழைந்த உக்போரோடோ ஊர்ப் பெண்கள், செவ்ரான் நிறுவனப் பணியாளர் நூற்றுக்கணக்கானோரை ஏறத்தாழ பத்து நாள் வெளியேற விடாமல் அமர்ந்தார்கள். விரட்டினால் ஆடையைக் களைவோம் என்பதே அவர்கள் காட்டிய ஒரே ஆயுதம். தாய்மார் பொதுவில் ஆடை களைவது பார்ப்பவர்மீது இடும் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. பிள்ளைகளுக்கு வேலை, ஊருக்கு மின்சாரம், பள்ளி என்ற உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். இப்படி ஒரு வழி இருந்தது என்பதை, துப்பாக்கிகளின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

துப்பாக்கிகளின் கதை 2004இல் வேகமெடுத்தது. அசாரி டோக்குபோ என்ற குழுத்தலைவர் எண்ணெய் நிலையங்களைத் தாக்கப்போவதாக அறிவித்த வேளையில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை வரலாற்றில் முதன்முறையாக 50 டாலரைத் தாண்டியது. அந்த விலையேற்றத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் ஓடைகளில் இருந்த இளைஞர்கள் அதை வேறுவிதமாகப் படித்தார்கள். அதிபர் அவரைத் தலைநகருக்கு அழைத்துப் பேசினார். துப்பாக்கிகளை அரசு விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு அவர் தேசத்துரோக வழக்கில் கைதாக, 2006 தொடக்கத்தில் மெண்ட் என்னும் கூட்டமைப்பு களத்தில் இறங்கியது. ஒற்றைத் தலைமை இல்லாத பல குழுக்களின் பொதுப்பெயர் அது. வெளிநாட்டுப் பணியாளரைக் கடத்துவதும், குழாய்களைத் தகர்ப்பதும், மின்னஞ்சலில் உலக ஊடகங்களுக்கு அறிக்கை அனுப்புவதும் அதன் வழிமுறை. 2008 ஜூனில் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் ஆழ்கடலில் இருந்த போங்கா எண்ணெய்த் தளத்தையே விசைப்படகுகளில் சென்று தாக்கினார்கள். ஆழ்கடல் பாதுகாப்பானது என்ற எண்ணம் அன்று உடைந்தது.

2009இல் அதிபர் உமரு யார்அதுவா பொதுமன்னிப்பு அறிவித்தார். ஆகஸ்ட் 6 முதல் அக்டோபர் 4 வரை ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்கு வழக்கு இல்லை, மாதம் 65,000 நைரா உதவித்தொகை, தொழிற்பயிற்சி. காலப்போக்கில் பட்டியலில் 30,000 பேர் சேர்ந்தார்கள். உற்பத்தி மீண்டது, அந்த அளவில் திட்டம் வெற்றிதான். ஆனால் ஆயுதம் தொடாமல் மீன்பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அதில் எதுவும் இல்லை, ஓடை தூய்மையாகவில்லை, பங்கு விகிதம் மாறவில்லை. ஊர்வலம் போனவர்களைத் தூக்கிலிட்ட நாட்டில், குழாயைத் தகர்த்தவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. 2016இல் புதிய அதிபர் இந்தத் தொகையைக் குறைக்க முனைந்தபோது, நைஜர் டெல்டா பழிவாங்குவோர் என்ற புதிய குழு ஃபோர்காடோஸ் முனையத்தின் கடலடிக் குழாயைத் தகர்த்தது. உற்பத்தி இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. அமைதியை மாதச் சம்பளத்தில் வாங்கினால், சம்பளம் நிற்கும் மாதத்தில் அது என்னவாகும் என்பதை யாரும் கணக்கிடவில்லை போலும்.

அரசியல் கோரிக்கை ஒரு பக்கம் இருக்க, எண்ணெய்த் திருட்டு தனித் தொழிலாகவே வளர்ந்தது. உள்ளூரில் இதற்குப் பெயர் பங்கரிங். குழாயில் துளையிட்டுக் குழல் பொருத்தி, படகுகளில் நிரப்பி, ஒரு பகுதியைக் கடலில் காத்திருக்கும் கப்பல்களுக்கு விற்பார்கள். மறுபகுதியை அலையாத்திக் காட்டுக்குள் காய்ச்சுவார்கள். இரும்புத் தொட்டிக்குக் கீழே தீ மூட்டி, ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியே விட்டு டீசலும் மண்ணெண்ணெயும் இறக்கும் இந்தக் காட்டு ஆலைகளைக் ‘க்போ-ஃபயர்’ என்கிறார்கள். டெல்டாவின் கச்சா எண்ணெய் இலகுவானது, கந்தகம் குறைந்தது. நம் நாட்டுச் சாராயம் காய்ச்சும் முறையே இதற்குப் போதும். எஞ்சிய கசடு ஓடையில் கலக்கும். போர்ட் ஹார்கோர்ட் மக்கள் 2016 முதல் கறுப்புப் புகைத்தூளைச் சுவாசிப்பதற்கு இவையும் ஒரு காரணம். 2022 ஏப்ரலில் இமோ மாநிலத்தில் இத்தகைய ஆலை ஒன்று வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

காட்டில் காய்ச்சுபவர் இந்தத் தொழிலின் கடைசிக் கண்ணி மட்டுமே. 2022 அக்டோபரில், ஃபோர்காடோஸ் முனையத்திலிருந்து கடலுக்குள் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டிருந்த கள்ளக் குழாய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒன்பது ஆண்டுகள் இயங்கியதாக அரசு எண்ணெய் நிறுவனமே கூறியது. அதிகாரிகளும் சீருடையினரும் அறியாமல் அது நடந்திருக்கும் என்று நம்ப டெல்டாவில் ஆளில்லை. அதே ஆண்டில் குழாய்க் காவல் ஒப்பந்தம், மெண்ட் காலத்தில் தளபதியாக இருந்த டொம்போலோவோடு தொடர்புடைய நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. கேட்பவர்க்கு இது நகைப்பாக இருக்கலாம். ஓடைகளை அறிந்தவரிடம்தான் காவலைக் கொடுக்க முடியும் என்பது அரசின் வாதம். இந்தியா, இலங்கை வாசகர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஹீரோயிக் ஐடூன் என்ற எண்ணெய்க் கப்பல் 2022 ஆகஸ்டில் எண்ணெய்த் திருட்டு ஐயத்தின் பேரில் பிடிபட்டபோது, அதிலிருந்த 26 மாலுமிகளில் 16 பேர் இந்தியர், 8 பேர் இலங்கையர். அவர்கள் வீடு திரும்ப 2023 ஆயிற்று.

ஊருக்கும் ஊருக்கும் நடக்கும் சண்டைகளையும் குறிப்பிட வேண்டும். எண்ணெய்க் கிணறோ குழாயோ உள்ள இடம் எந்த ஊருக்குச் சொந்தமோ, வேலையும் ஒப்பந்தமும் இழப்பீடும் அந்த ஊருக்குத்தான். ஆகவே எல்லைக் கோடு பணமாகிவிடுகிறது. 1997இல் வாரி பகுதியில் ஒரு உள்ளாட்சித் தலைமையகத்தை இஜா ஊரிலிருந்து இட்செகிரி ஊருக்கு மாற்றிய ஓர் அரசு ஆணை, 2003 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்த மோதலுக்கு வித்திட்டது. வெளியில் இருந்து பார்ப்பவர் இதை இனப்பகை என்று எழுதுவார். தலைமையகம் இருக்கும் இடத்துக்கு எண்ணெய்ப் பணம் வரும் என்ற கணக்கை எடுத்துவிட்டால் அந்தப் பகையில் எவ்வளவு எஞ்சும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பொருளியலாளர்கள் இவற்றையெல்லாம் ‘வளச் சாபம்’ என்ற சொல்லால் சுட்டுவார்கள். வரி கட்டும் குடிமக்களை நம்பியிராமல், கிணற்றிலிருந்து வரும் பணத்தில் வாழும் அரசு, குடிமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையையும் இழக்கிறது என்பது அதன் சாரம். பயனுள்ள சொல்தான், ஆனால் சாபம் என்றதும் அது விதிபோல ஒலிக்கிறது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் எரிவாயு வருமானமும் ஒரு காரணமாக 1976 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிரிவினைப் போர் நடந்தது. 2005இல் ஹெல்சின்கியில் கையெழுத்தான உடன்பாடு, எண்ணெய்-எரிவாயு வருமானத்தில் 70 விழுக்காட்டை ஆச்சேவுக்கே விட்டது; கிளர்ச்சியாளர்கள் தேர்தலில் நின்று ஆட்சிக்கும் வந்தார்கள். ஆழிப்பேரலையின் பேரழிவும் அந்த அமைதிக்குக் காரணம் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பங்கு விகிதத்தைத் தொட்ட உடன்பாடு அது. 2009இன் பொதுமன்னிப்பு அதைத் தொடவே இல்லை.

2021இல் வந்த நைஜீரியாவின் புதிய பெட்ரோலியச் சட்டம், நிறுவனங்கள் தங்கள் முந்தைய ஆண்டின் இயக்கச் செலவில் 3 விழுக்காட்டை ஊர் அறக்கட்டளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. டெல்டாவின் தலைவர்கள் 10 விழுக்காடு கேட்டிருந்தார்கள். 2025 மார்ச்சில் ஷெல் தன் கரைப்பகுதி எண்ணெய்த் தொழிலை ரெனைசன்ஸ் என்ற கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. ஆழ்கடல் வயல்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கொட்டிக் கிடக்கும் பழைய எண்ணெய்க்கு இனி யாரைக் கேட்பது என்று ஊரார் கேட்கிறார்கள். அதே மாதத்தில் ரிவர்ஸ் மாநிலத்தில் ஆளுநருக்கும் முன்னாள் ஆளுநருக்கும் இடையிலான பூசலும் ஒரு குழாய் வெடிப்பும் சேர்ந்து, அதிபர் போலா டினுபு நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. ஆளுநர் ஆறு மாதம் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்.

அந்த ஆண்டு ஜூன் 12 அன்று, குடியாட்சி நாள் உரையில், டினுபு தூக்கிலிடப்பட்ட ஒன்பது ஒகோனியருக்கும் மன்னிப்பு வழங்கினார்; சாரோ-விவாவுக்கு நாட்டு விருதும் அறிவித்தார். ஒகோனியில் மீண்டும் எண்ணெய் எடுப்பது பற்றி அரசு அம்மக்களோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்த ஆண்டு அது. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு, குற்றமற்றவர்கள் என்றல்லவா அறிவிக்க வேண்டும் என்று மனித உரிமை அமைப்புகளும் ஒகோனிச் செயற்பாட்டாளர்களும் கேட்டார்கள்.